சுசித்ரா எழுதிய நாலு வரி

போடிநாயக்கனூர்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் லிங்கேஸ்வரனுக்கு,

அப்பு, நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து என் முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உன் கூட்டாளி ஈஸ்வர் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இட்லிப் பொடியையும் கொடுத்து விடுகிறேன். அப்பா நேற்றுச் சாயங்காலம் எஸ்டேட்டில் இருந்து இறங்கினார், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறதாம், ஆள் பற்றவில்லை என்று ஒரே புலம்பல், போடிமெட்டு வளைவில் பனி மூடி ஜீப்பு ஊர்ந்துதான் வந்ததாம். சிலமலை அத்தை மகள் அனுசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை போனில் விசாரித்துவிடு, இல்லையென்றால் அத்தை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவாள்.

இனி, பள்ளியில் என்ன நடந்தது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் அப்புறம் சொல்றேன் என்று தட்டிக்கழித்தேன், அது உன்மேல் கோபத்தால் இல்லை அப்பு. வாயால் சொல்ல வரவில்லை, வாட்சப்பில் எழுதவும் கை வரவில்லை. காகிதத்தில் எழுதினால் அது உன் கையில் மட்டும் இருக்கும் என்று தோன்றியது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி உனக்கு ஏற்கெனவே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். கட்டுரை எழுதச் சொன்னால் நோட்ஸில் இருப்பதை அச்சுப் பிசகாமல் இறக்கி வைப்பார்கள், முப்பது தாளிலும் ஒரே மழை ஒரே மாதிரி பெய்யும். அதே பிள்ளைகள் சாயங்காலம் அம்மா அப்பா போனை வாங்கி விரல் ஓயாமல் எழுதுகிறார்கள். எழுத வராது என்பது பொய், யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால் எழுதுகிறார்கள். அதனால்தான் ஆனி மாதத்தில் வகுப்புக்கென்று ஒரு குரூப் ஆரம்பித்தேன், 'நாலு வரி' என்று பெயர் வைத்தேன். உன் தெருவில் நீ பார்த்த ஒன்றை நாலே வரியில் எழுது, மற்றவர்கள் படித்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும், நன்று அருமை என்று மட்டும் போடக் கூடாது. இவ்வளவுதான் பாடம். தேவாரம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதினாள், யானை வந்துபோன மறுநாள் எங்கள் அப்பா தோப்பில் நின்று யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது என்று. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் இப்படி ஒரு வரியை நான் விடைத்தாளில் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் உன் அப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக்காட்டினேன், அவர் மலையாளம் கலந்து, கொள்ளாம் டீச்சரே, நல்லாருக்கு, என்று சிரித்தார்.

அந்த வகுப்பில் சுசித்ரா என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா கருத்தம்மாள் விடிவதற்குள் ஜீப்பு ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுக்கிறவர், அப்பா இல்லை, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆவணியில் அந்தப் பிள்ளைக்கு டைபாய்டு வந்து கொத்துக்கொத்தாக முடி கொட்டியது. இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று கருத்தம்மாள் ஜடையைக் கழுத்தோடு வெட்டிவிட்டு, தெருவுக்கு முடி வாங்க வருகிறவரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டார். நீயும் சின்ன வயசில் பார்த்திருப்பாய், மொபட்டில் பின்னால் ஒரு சாக்கு, முன்னால் குடமும் வாளியும், சவுரிமுடி கொண்டா, உதிர்ந்த முடி கொண்டா என்று கூவிக்கொண்டு வருவார்களே, அப்படி ஒருவர், சின்ராசு என்று பெயர். சுசித்ரா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். ஜடை போன கதை வகுப்புக்கே தெரியும், அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை.

அந்த வாரம் நான் நடத்திய பாடம், முடிவைச் சொல்லாதீர்கள் என்பது. எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு என்ன வேலை, கொஞ்சம் விட்டு வையுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்றேன். அன்று சாயங்காலம் சுசித்ரா அம்மாவின் போனில் இருந்து குரூப்பில் போட்டது இது. "எங்கள் தெருவுக்கு ஒருவர் வண்டியில் வருவார். வண்டியின் பின்னால் ஒரு சாக்கு இருக்கும். நேற்று அந்தச் சாக்கின் வாயில் ஒரு ஜடை தொங்கியது. அதன் ரிப்பன்கூட இன்னும் அவிழவில்லை." படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன் அப்பு. என் ஜடை என்று ஒரு வார்த்தை இல்லை, அழுகை இல்லை, ஆனால் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் அது யார் ஜடை என்று தெரியும். பிள்ளைகள் கேள்வி கேட்கவே இல்லை, இதயம் இதயமாகப் போட்டார்கள். கடைசி வரிதான் வரி என்று நானும் எழுதினேன்.

வினோத்குமார் என்று வகுப்பில் ஒரு பையன், நல்ல பிள்ளை. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பெயர் போடாமல் அதை நகல் எடுத்து அவன் அப்பா போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அதை யார் பார்த்தார்கள், யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த நாளே அதன் தலையில் 'போடி சுற்றுவட்டார மக்களே உஷார், பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது' என்று ஒரு வரி ஏறிவிட்டது, எங்கோ எடுத்த ஒரு வேன் படமும் சேர்ந்துவிட்டது. எனக்கு அது இங்கே யாரும் அனுப்பவில்லை அப்பு. நீ அனுப்பினாய். மத்தியானச் சாப்பாட்டு நேரம், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தால், அம்மா பாத்து இருங்க, ஸ்கூல் பிள்ளைகளத் தனியா விடாதீங்க என்று உன் செய்தி, அதற்கு மேலே என் பிள்ளையின் நாலு வரி, ஒரு புள்ளிகூட மாறாமல். தோஹா வரைக்கும் போய்விட்டு என்னிடம் திரும்பி வந்திருந்தது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அம்மாவை நினைத்துத்தானே அனுப்பினாய். அனுப்பினவர்கள் எல்லோருமே யாரையோ நினைத்துப் பதறித்தான் அனுப்பியிருப்பார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் அதைப் படித்த நேரத்துக்குள் காரியம் நடந்து முடிந்துவிட்டது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அந்த ஊர்ப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் சின்ராசுவை மறித்து, சாக்கைப் பிடுங்கிக் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கும், முடிதான். முடியைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் புத்தி பேதலித்துப்போனது. அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கை ஒடிந்து, வாயெல்லாம் ரத்தம். அங்கே டீக்கடை வைத்திருக்கிற பெரியம்மாள் என்கிற அம்மா மட்டும் கரண்டியோடு ஓடிவந்து அவர்மேல் விழுந்து மறைத்துக்கொண்டு, இவன்ட்ட நாந்தேன்டா போன வாரம் முடி போட்டேன், எம்முடிதேன்டா இந்தச் சாக்குல கிடக்கு, என்னையும் சேத்து அடிங்கடா, என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கைகள் நின்றிருக்கின்றன. ஒருத்தர், தெரிந்த முகம், நான் இவனை அறிவேன் என்று சொன்னதும் நின்றது. அதை நான் திரும்பத்திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனார். நம்ம ஸ்கூல் பேரு இதுல எங்கயும் வரல டீச்சர், குரூப்பை வெரசா கலைச்சிருங்க, யாருக்கும் எதுவும் தெரிய வேணாம், என்றார். அந்த யோசனை எனக்கு இனிப்பாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன், வகுப்புக்குத் திரும்பி நடந்து வருகிற வரைக்கும் இனிப்பாக இருந்தது. வராந்தாவில் சுசித்ரா நின்றாள். அவளுக்குச் செய்தி எட்டிவிட்டது. டீச்சர், நான் பொய் எழுதலையே, என்று கேட்டாள். அவள் எழுதியதில் எது பொய்? வகுப்புக்குள் அது கவிதை, வகுப்பை விட்டு வெளியே போனதும் அது கொலைச் செய்தி. எழுத்து மாறவில்லை, படிக்கிறவர்கள் மாறிவிட்டார்கள். முடிவைச் சொல்லாமல் விடு என்று நான் சொன்ன இடத்தில் தெரியாத ஆட்கள் வந்து அவரவர் பயத்தை வைத்து நிரப்பிவிட்டார்கள். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், ஆனால் நம் எழுத்து நாம் நினைக்காதவர் கைக்கும் போகும் என்று ஒருநாளும் நடத்தியதில்லை. மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் அந்த வரிகள் என் வகுப்பில் பிறந்தவை என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளை பெயரை வெளியே விட மாட்டோம் என்று சொன்னார்கள். தலைமையாசிரியர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் சுசித்ரா பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஜீப்பு இறங்குகிற நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். கருத்தம்மாள் அப்போதுதான் வந்து, ஏலக்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்களை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாங்க டீச்சர் என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. அப்படி என்னத்த எழுதுனா, எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, என்றார். தன் போனில் இருந்து உலகம் பூராவும் போன வரிகளை அவர் கேட்டதே இல்லை. சுசித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கடைசி வரி வந்ததும் கருத்தம்மாள், ரிப்பனா, ரிப்பனை நான் அவுத்துல்லடி வச்சேன், அந்தா ஆணில தொங்குது, என்றார். நிஜமாகவே தொங்கியது, துவைத்துக் காயப்போட்ட சிவப்பு ரிப்பன். சுசித்ரா அப்படியே உடைந்துபோனாள். அவிழாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு டீச்சர், என்று விம்மினாள். நான் பாராட்டினது அந்த ஒரு வரியைத்தான் அப்பு. கருத்தம்மாள் அவளை அடிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்த அண்ணன் எந்த ஆசுபத்திரியில கிடக்காரு, என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேரும் போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ராசுவின் மனைவி ராக்கு. நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே அந்த அம்மா எழுந்துவிட்டார். எழுதிப் படிக்கத்தானடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாக, எம்புருசனை அடிச்சுக் கொல்லவா அனுப்புறாக, என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். கேட்கட்டும் என்று நின்றேன், அது கேட்க வேண்டிய கேள்வி. சின்ராசு வீங்கிய கண்ணைத் திறந்து சுசித்ராவைப் பார்த்தார். காய்ச்சல்காரப் புள்ளையா, முடி வளர ஆரம்பிச்சிருச்சே ஆத்தா, என்றார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்து, கை கூடிரும் டீச்சர், ஆனா இனிமே எந்தத் தெருவுல நான் போயிக் கூவுறது, எவ கதவைத் தொறப்பா, என்றார். அதற்குத்தான் நாங்கள் பதில் தேட வேண்டியிருந்தது.

முதலில் நான் எழுதினேன். பெற்றோர் குரூப்பில், ஊர்க் குரூப்புகளில், என் முழுப்பெயரோடு, இது என் வகுப்புப் பயிற்சி, அந்த முடி காய்ச்சலில் வெட்டிய முடி, அடிபட்டவர் ஒரு தவறும் செய்யாதவர் என்று இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினேன். நாலைந்து பேர் கைகூப்பினார்கள், சிலர் அசிங்கமாகத் திட்டினார்கள், அதோடு நின்றுவிட்டது, எங்கும் பரவவில்லை. அப்போதுதான் பெரியம்மாள் கத்தியது ஞாபகம் வந்தது. வகுப்பில் கேட்டேன், உங்கள் வீட்டில் யாராவது சின்ராசுவிடம் முடி போட்டிருக்கிறார்களா என்று. பாதி வகுப்பு கை தூக்கியது. அப்படியானால் வீட்டில் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அவர்கள் போனில் அவர்கள் பெயரோடு நடந்ததை மட்டும் எழுதுங்கள், அழகாக இருக்க வேண்டாம், சரியாக இருக்கட்டும் என்றேன். எங்கள் அம்மாச்சி முடி போட்டு வாளி வாங்கினார், வாளி இன்னும் இருக்கிறது என்று ஒருத்தி. எங்கள் அம்மாவிடம் முடி குறைவாக இருந்தது, இருந்தாலும் அவர் ஒரு டீ வடிகட்டி கொடுத்தார் என்று இன்னொருத்தன். வினோத்குமார், பெயரை எடுத்துவிட்டு ஸ்டேட்டஸ் வைத்தது நான்தான் என்று அவன் அப்பா சம்மதத்தோடு எழுதினான், அந்த அப்பாவை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கருத்தம்மாள், எம்மக முடியை நாந்தேன் வெட்டிப் போட்டேன்னு எழுதுடி, என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தார். மலைக்குப் போகிற ஜீப்புகளில் பெண்கள் இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டார்களாம், அப்பா எஸ்டேட்டில் இருந்து சொன்னார்.

ஆனாலும் முதல் செய்தி போன தூரம் இது போகவில்லை, போகாது. உங்கள் தோஹா குரூப்பில் இது வந்ததா என்று பார், வந்திருக்காது. நீ அதை எங்கெங்கே அனுப்பினாயோ அங்கெல்லாம் நீயே உன் வார்த்தையில், உன் பெயரோடு எழுது அப்பு, என்னுடையதை நகல் எடுத்துப் போடாதே. கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

சின்ராசு கட்டுப் பிரித்துவிட்டுப் போன வாரத்தில் இருந்து திரும்ப வண்டி எடுக்கிறார். சுசித்ரா தெருவில் கருத்தம்மாள் முதல் ஆளாக வெளியே வந்தார், பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். சில தெருக்களில் கதவு திறக்கவில்லையாம். முன்பு வண்டியை நிறுத்திவிட்டுக் கூவுவார், இப்போது எஞ்சினை நிறுத்துவதே இல்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த மட்டுக்கும்தான் எங்களால் முடிந்தது. மீதியை நான் உன்னிடம் பூசி மெழுகிச் சொல்ல விரும்பவில்லை.

குரூப்பைக் கலைப்பதா வேண்டாமா என்று பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். போனே வேண்டாம் என்றார்கள் பலர், நான் எதிர்த்துப் பேசவில்லை, எனக்கே தெளிவாக இல்லை. கருத்தம்மாள் ஜீப்பில் இருந்து இறங்கின கோலத்தில் வந்திருந்தார். புள்ளைக எழுதட்டும், ஆனா யாரைப் பத்தி எழுதுதோ அவுககிட்ட மொதல்ல படிச்சுக் காட்டட்டும், அவுக சரின்னா போடட்டும், என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். இப்போது அதுதான் எங்கள் சட்டம். எழுதினதை அம்மாக்களிடம் படித்துக்காட்டுகிறார்கள், அம்மாக்கள் சண்டை போடுகிறார்கள், நான் அப்படியா சொன்னேன் என்கிறார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து திருத்துகிறார்கள். நான் சிவப்பு மையில் திருத்தியதைவிட இந்தத் திருத்தத்துக்கு அவர்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள்.

சுசித்ரா ரொம்ப நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவள் கையைப் பயம் பிடித்துக்கொண்டதே என்ற கவலை மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முந்தாநாள் ஒரு தாளோடு வந்து நின்றாள். சின்ராசுவைப் பற்றி நாலு வரி, பழைய கூர்மை திரும்பியிருந்தது. சாயங்காலம் அவளும் கருத்தம்மாளும் நானும் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் ராக்கு நெல் புடைத்துக்கொண்டிருக்க, அவள் படித்துக்காட்டினாள். ராக்கு முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். சின்ராசு இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, மத்ததெல்லாம் இருக்கட்டும் ஆத்தா, மூணாவதா சொன்னது மட்டும் வேணாம், அது எனக்குள்ளயே இருக்கட்டும், என்றார். நாலிலும் அதுதான் நல்ல வரி அப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. சுசித்ரா ஒரு கணம் தாளைப் பார்த்தாள், என் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள், குரூப்பில் மூன்று வரியாகவே போட்டாள். அடித்த அந்த வரி என்ன என்று உனக்கும் எழுத மாட்டேன்.

வேறென்ன அப்பு. அங்கே ஏசி அறையில் போர்த்தாமல் தூங்காதே. வேலை அதிகம் என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பதிலைக் கையால் எழுதித் தபாலில் போடு, நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். நீ நீண்ட ஆயுசோடு, நல்ல மனசோடு, நாலு பேர் நம்புகிற மனுஷனாக இருக்க அம்மாவும் அப்பாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஈஸ்வரி ராமர்